பனிப் போர்வையின் கீழ்

ஜூலைத் திங்களின் நடுப்பகுதியில், ஜப்பானின் வடதீவாகிய ஹொக்கைடோவில் பூரானோப் பள்ளத்தாக்கின் சிறு இரயிலில் நாம் பயணம் செய்தோம். நகபூரானோ என்னும் ஊரை நெருங்குகையிலேயே நறுமணம் நம்மை வரவேற்றது. தொலைவில் தோக்காச்சி மலைத்தொடர். அருகே சரிவு முழுவதும் ஊதா நிறம். துளசிக்கும் புதினாவுக்கும் உறவான லாவெண்டர்ச் செடிகள் அவை.

குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே 20 பாகைக்கும் மேல் குளிர் இறங்கும் ஊர் இது. இங்கே இச்செடி பிழைப்பது எங்ஙனம் என்று வியந்தோம். செடியைக் கொல்வது பனி என்றே நாம் எண்ணியிருந்தோம். உண்மை வேறு. பொழிந்து குவியும் வெண்பனி, தன்னுள் காற்றை அடக்கிக் கம்பளிபோல் மண்ணைக் காக்கிறது. மேலே எத்துணைக் குளிர் அடித்தாலும் கீழே வேர்ப்பகுதி உறைநிலையை ஒட்டியே நிற்கிறது. செடியை மாய்ப்பவை வேரடியில் தேங்கும் ஈரமும், பனிப்போர்வை இல்லாத நிலத்தில் வீசும் வறண்ட காற்றும், உறைந்து உருகி மீண்டும் உறையும் மண்ணுமே. ஆதலின் நீர் வடியும் சரிவிலே நடுகின்றனர். பூ முடிந்ததும் குட்டையாகக் கத்தரிக்கின்றனர். ஆனால் இலையற்ற முதிர்ந்த கட்டையில் கத்தி படுவதில்லை. அங்கு வெட்டினால் மீண்டும் தளிர்ப்பது அரிது.

ஜப்பானுக்கு லாவெண்டர் விதை வந்தது 1937-இல், பிரான்சு நாட்டிலிருந்து. தொமித்தா தாதாவோ என்னும் உழவர் 1958-இல் வாசனைத் தைலத்துக்காக இதனைப் பயிரிட்டார். பின்னர் செயற்கை வாசனைப் பொருள்களும் மலிவான இறக்குமதித் தைலமும் பெருகின. 1973-இல் தைலம் கொள்வாரின்றிப் போயிற்று. அண்டை அயலார் செடிகளை உழுது அழித்தனர். தொமித்தாவுக்கோ மனம் வரவில்லை. நெல் விளைத்துக் குடும்பத்தைக் காத்துக்கொண்டு, இன்னும் ஓராண்டு பார்ப்போம் என்று பொறுத்தார். 1976-இல் தேசிய இரயில்வேயின் நாட்காட்டியில் அவ்வயலின் படம் வெளிவந்தது. அதனைக் கண்டோர் தேடி வரத் தொடங்கினர். இன்று கோடைதோறும் வந்து குவியும் மக்களுக்கென, வயலருகே தனி இரயில் நிறுத்தமே உண்டு.

அன்பு வாசகர்களே, விலையில்லாப் பயிரை மூன்றாண்டு காத்த அம்மனிதரை எண்ணியவாறே நாம் திரும்பினோம். நமது இல்லங்களிலும் பயனற்றவை என்று நாம் ஒதுக்க முனையும் பொருள்கள் உண்டு. சிலவேளை மனிதரும் உண்டு. ஏரைப் பூட்டுமுன் இன்னும் ஓராண்டு பொறுப்போமா?