நம் கரையில் எடுத்த படம்

வீட்டிலிருந்தபடி பார்க்க ஒரு படம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் பெரும்பாலும் முதலில் சொல்வது ‘பம்பரு அவித்’. சிங்களப் படம், கறுப்பு வெள்ளை, 1978இல் வந்தது. குளவிகள் வந்துவிட்டன என்று பொருள். தர்மசேன பத்திராஜ எங்கள் கற்பிட்டி மீனவக் கரையைக் களமாக வைத்து எடுத்தார். பெயரைச் சொன்னதும் கேட்டவர் முகம் கொஞ்சம் வாடும். போன வாரம் வந்த சென்னைப் படத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். இதைச் சொல்ல ஆள் குறைவு, ஆகவே நான் சொல்கிறேன்.

2020 மார்ச் 18 மாலை நாலரை மணிக்குப் புத்தளத்தில் ஊரடங்குச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் வந்தது இரண்டு நாள் கழித்து, 20ஆம் திகதி. வென்னப்புவ, மாரவில, சிலாபம் பக்கம் இத்தாலியில் உழைக்கும் ஒருவராவது இல்லாத தெருவைக் காண்பது அரிது. இத்தாலியில் கொரோனா நோய் பரவியபோது பலர் ஊர் திரும்பியிருந்தார்கள். அந்த வீடுகளை மற்றவர்கள் பார்த்த பார்வை எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. அவர்கள் அனுப்பிய காசில் எழும்பிய கோயிலும் பள்ளிக்கூடமும் அதே தெருவில்தான் நின்றன.

அந்த நாட்களில்தான் தங்கச்சி மகன் புத்தளத்திலிருந்து போன் எடுத்தான். “மாமா, படமெல்லாம் முடிஞ்சி போச்சு. நல்லது ஒண்டு சொல்லுங்களேன்.” அவனுக்கு முதலில் சொன்னது ‘மச்சான்’. உபெர்த்தோ பசோலினி 2008இல் எடுத்தது. இலங்கையின் தேசியக் கைப்பந்து அணி என்று சொல்லிக்கொண்டு 2004இல் ஜெர்மனி போன இருபத்து மூன்று பேர் அங்கேயே மறைந்துபோன உண்மைச் சம்பவம்தான் கதை. நாட்டில் அப்படி ஓர் அணியே இருக்கவில்லை. அவன் சிரித்துச் சிரித்துப் பார்த்திருக்கிறான். பார்த்து முடித்தபின், “கடைசியில சிரிப்பு வரல்ல மாமா” என்றான். அதற்காகத்தான் சொன்னேன். வள்ளத்திலேறி இத்தாலிக்குப் போகப் பார்த்த பொடியன்மார் இந்தக் கரையில் எத்தனையோ பேர்.

படம் பார்க்க வேறு வழியில்லாத காலமும் இருந்தது. எண்பதுகளில் எங்கள் சாச்சா புத்தளத்திலிருந்து டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்து வருவார். வீட்டு முற்றத்தில் பாய் விரிக்கப்படும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் முன்னால் மணலில். இரவு முழுக்க மூன்று படம். அதில் ஒன்று பெரும்பாலும் ‘பைலட் பிரேம்நாத்’ஆக இருக்கும். இலங்கையும் இந்தியாவும் சேர்ந்து தயாரித்த படம், இயக்கம் ஏ. சி. திருலோகசந்தர். சிவாஜிக்கு மனைவியாக எங்கள் நாட்டு மாலினி பொன்சேகா. உம்மும்மா சிவாஜிக்காக அழுதார், மாலினிக்காகப் பெருமைப்பட்டார். “நம்மட புள்ள” என்பார். மாலினியின் மொழி சிங்களம் என்பது அந்தப் பெருமைக்கு ஒரு தடையாகவே இருக்கவில்லை.

அதே 1978இல்தான் மாலினி ‘பம்பரு அவித்’தில் ஹெலன் என்ற மீனவப் பெண்ணாகவும் நடித்தார். ஒரே ஆண்டில் ஒன்று வண்ணத்தில் சிவாஜியோடு, மற்றது கறுப்பு வெள்ளையில் கற்பிட்டி மணலில். முதலாவதை எங்கள் முற்றம் முழுக்கப் பார்த்தது. இரண்டாவதை எங்கள் கரையில் எடுத்தும் அந்த முற்றத்துக்கு யாரும் கொண்டுவரவில்லை. நான் பார்த்தது முப்பது வயது கடந்த பிறகு, கணினியில், மங்கிப்போன ஒரு பிரதியில். மாலினி 2025 மே மாதம் காலமானபோது தொலைக்காட்சியில் அவருடைய எத்தனையோ படங்களின் துண்டுகள் ஓடின. நான் ஹெலனுக்காகக் காத்திருந்தேன்.

கதை எளிமையானது. நகரத்திலிருந்து ஒரு பணக்கார இளைஞன் நண்பர்களோடு மீனவக் கிராமத்துக்கு வருகிறான். விஜய குமாரதுங்க நடித்த பாத்திரம். கரையில் மீனுக்கு முதலாளி யார் என்ற போட்டி மூள்கிறது, ஒரு பெண் நடுவில் அகப்படுகிறாள், ரத்தம் சிந்துகிறது. பழைய முதலாளி அன்டனாக வரும் ஜோ அபேவிக்கிரமவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். அந்த முகத்தில் கொடுமையும் இருக்கிறது, தன் இடம் பறிபோகும் அச்சமும் இருக்கிறது. கரைவலை இழுக்கும் ஊரில் வளர்ந்தவனுக்கு அந்த ஆள் அந்நியனே அல்ல. கடல் அடங்கும் பருவத்தில் தெற்கிலிருந்து ஆட்கள் வந்து வாடி போடுவதும், கச்சான் காற்று எழும்பியதும் போய்விடுவதும், இடையில் விலைக்காகவும் வலைக்காகவும் நடக்கும் சண்டைகளும் நாங்கள் கண்ணால் கண்டவை. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையை நோய் காரணமாக மூடியபோது எங்கள் மீனவர் பிடித்த மீனை விற்க வழியில்லாமல் நின்றார்கள். கடல் அவர்களுடையது, விலை வேறொருவர் கையில். அந்தப் படம் பேசுவதும் அதைத்தான்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் என்றதும் என் மனம் அந்தப் படத்தை விட்டு 1990க்குப் போய்விடும். அந்த ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள், ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களில் ஏறி எங்கள் கரைக்கு வந்தார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. நனைந்த உடுப்போடு இறங்கிய பிள்ளைகளுக்கு உம்மா சோறு ஆக்கிக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடங்களிலும் தென்னந்தோப்புகளிலும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. ஆலங்குடா, தில்லையடி, பாலாவி எல்லாம் அகதி முகாம்களாயின. என் வகுப்பில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மன்னார்ப் பொடியன்தான் இன்றுவரை என் நெருங்கிய கூட்டாளி.

பிரசன்ன விதானகேயின் ‘இர மதியம’ (2003) மூன்று கதைகளைப் பின்னிச் செல்லும் படம். போரில் காணாமல்போன விமானி கணவனைத் தேடும் மனைவி ஒரு கதை. விடுமுறையில் வந்த இராணுவச் சிப்பாய் ஒருவன் விபசார விடுதியில் தன் தங்கையைக் காண்பது இன்னொன்று. மூன்றாவது அரபாத் என்ற பதினொரு வயது முஸ்லிம் சிறுவனின் கதை. ஊரே வெளியேற்றப்படும்போது அவன் தன் நாயைக் கைவிடாமல் காப்பாற்றப் பாடுபடுகிறான். தமிழில் நாவல்களும் கவிதைகளும் இந்த வெளியேற்றத்தைப் பேசியிருக்கின்றன. ஆனால் திரையில் நான் முதலில் கண்டது ஒரு சிங்கள இயக்குநரின் கண்ணால்தான். அதற்காக அவருக்கு நான் என்றும் நன்றியுள்ளவன்.

ஊரடங்கு நாட்களில் கூட்டாளிக்கு இதைச் சொல்லத் தயங்கினேன். பிறகு சொன்னேன். நோன்புக் காலம், பள்ளிவாசல் மூடியிருந்தது, வீட்டிலேயே தராவீஹ் தொழுதுவிட்டு மகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அடுத்த நாள் போனில், “நாய் இல்லடா, நாங்க விட்டுட்டு வந்தது ஆடு. ஏழு ஆடு. உம்மா கயித்த அவுத்து விட்டுட்டுத்தான் வந்தா” என்றான். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த ஆடுகளை நான் கேள்விப்பட்டதில்லை. அவன் மகளும் அன்றுதான் கேள்விப்பட்டாளாம். விடியும்வரை கேள்வி கேட்டிருக்கிறாள்: வீட்டில் எத்தனை அறை, கிணற்றுத் தண்ணீர் உப்பா, பக்கத்து வீட்டில் யார். தனியாகக் கைபேசியில் பார்த்து முடிக்கும் படத்துக்கு இது நேராது. ஆகவே இந்தப் படத்தைச் சொல்லும்போது, வீட்டில் வயதானவர்களோடு இருந்து பாருங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

விதானகேயின் இன்னொரு படத்தை அந்த ஆண்டில் யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘புரஹந்த களுவர’ (1997). இதிலும் ஜோ அபேவிக்கிரம, ஆனால் அன்டனின் நிழல்கூட இல்லை. பார்வையற்ற கிழத் தந்தை. போரில் இறந்ததாகச் சொல்லி மகனின் உடலை மூடி முத்திரையிட்ட பெட்டியில் அனுப்புகிறார்கள். அவர் நம்ப மறுக்கிறார். 2000இல் அரசு இந்தப் படத்தைத் திரையிட விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய் அடுத்த ஆண்டு வெளிவந்தது. 2020 ஏப்ரல் முதல் நோயில் இறந்த முஸ்லிம்களையும் எரிக்க வேண்டும் என்ற விதி நடந்துகொண்டிருந்தது. மூடிய பெட்டியைத் தொடக்கூட முடியாத தந்தைமார் எங்கள் மாவட்டத்திலும் இருந்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி கிடைத்தது, அதுவும் மார்ச்சிலிருந்து தொலைவில் ஓட்டமாவடியில். இப்போது அந்தப் படத்தைத் தயங்காமல் சொல்கிறேன். ஜோ அந்தப் பெட்டியருகே நிற்கும்போது அவர் எந்த மதத்துக் கிழவர் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2022இல் பொருளாதார நெருக்கடியால் இன்னொரு விதமாக வீட்டில் அடைந்தோம். பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வெட்டினார்கள். நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் நுரைச்சோலை நிலக்கரி நிலையம் எங்கள் கரையில்தான் இருக்கிறது. நாங்களும் மெழுகுதிரி ஏற்றினோம்.

அந்தக் கஷ்டத்தில் மருமகன் தோஹாவுக்குப் போனான். அண்மையில் குரல் பதிவு அனுப்பியிருந்தான். அறையில் இருக்கும் கேரளத்துக்காரர் இலங்கையைப் பற்றி ஒரு படம் கேட்கிறாராம். விதானகே 2023இல் எடுத்த ‘பரடைஸ்’ஐச் சொன்னேன். அதே நெருக்கடிக் காலத்தில் இலங்கை மலைநாட்டுக்கு வரும் கேரளத் தம்பதியின் கதை, ரோஷன் மேத்யூவும் தர்ஷனா ராஜேந்திரனும் நடித்தது. அவர் தன் மொழியிலேயே கேட்கலாம். களவுபோன மடிக்கணினிக்காகப் பிடிபடும் தோட்டத் தமிழரையும் அவர் பார்க்க வேண்டும். “உனக்கு வேறொன்று” என்றும் சொன்னேன்: பத்திராஜ யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்தபோது காவலூர் ராஜதுரையின் எழுத்தில் தமிழில் எடுத்த ‘பொன்மணி’ (1977). சீதனமும் சாதியும் ஒரு பெண்ணை என்ன செய்கின்றன என்பது கதை. தேடிப் பார், தெளிவான பிரதி கிடைத்தால் எனக்கும் அனுப்பு என்றேன். தேடுவதாகச் சொல்லியிருக்கிறான்.