ரொட்டிக் கடைக்கு ஒரு பலகை

பாக்கார் என்றால் சுடுவது. ஆராங் என்றால் கரி. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் மலாய் நண்பர்கள் முதலில் சிரிப்பார்கள். பல்கலைக்கழகத்தில் முதல் நாள் அறிமுகத்தின்போதே ஒருவன், "ரொட்டி பாக்கார் ஆராங் உன் ஊரிலிருந்துதான் வருகிறதா?" என்று கேட்டுவிட்டான். கரியடுப்பில் வாட்டி, காயாவும் வெண்ணெயும் தடவித் தரும் ரொட்டிக்கு அதுதான் பெயர். நானும் சிரித்துவைத்தேன். உண்மையில், இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருந்தும், கரியடுப்பில் ரொட்டி வாட்டும் கடை எங்கள் வட்டாரத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வீட்டிலிருந்து பள்ளிக்குப் பேருந்து, பள்ளியிலிருந்து டியூஷன், டியூஷனிலிருந்து வீடு. சொந்த ஊரை மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையிலிருந்து பார்த்தவன் நான்.

சென்ற செமஸ்டர் விடுமுறையில் அந்த ஊரை நடந்து பார்க்கும்படி ஆயிற்று. காரணம் என் அக்காள்.

பாக்கார் ஆராங் சுங்கைப்பட்டாணியின் ஒரு பகுதி. தொழிற்பேட்டை, அதைச் சுற்றித் தாமான்கள், இடையிடையே கடை வரிசைகள். பீடோங், செமிலிங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கித்தா மரங்களை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிற்சாலைகளில்தான் வேலைக்குப் போனார்கள். அக்காளும் அப்படித்தான் போனாள். 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. சில மாதங்களில் அவள் வேலையும் போயிற்று. அழுதுகொண்டிருக்காமல் ஒரு சிறிய ஓவன் வாங்கித் தேங்காய் பன் சுட ஆரம்பித்தாள். முதல் வாரம் பன் கல்லாக இருந்தது. அப்பா மட்டும் வாய் திறக்காமல் தின்றார். இன்று காலை ஆறு மணிக்கே ஆள் வந்து நிற்கிறது. ஆகவே வீட்டுக்கு அருகில் ஒரு சிறிய கடை எடுத்தாள். நகராண்மைக் கழகத்து லைசென்ஸ் கிடைத்தது. பெயர்ப் பலகைதான் பாக்கி.

"நீதான் தமிழ்க் கழகத்துல பெரிய ஆளாச்சே, நல்ல தமிழ்ல ஒரு பேரு எழுதிக் குடு" என்றாள்.

உடனே 'அடுமனை' என்று எழுதிக் கொடுத்தேன். அம்மா வாங்கிப் படித்துவிட்டு, "அடுப்பங்கரையா?" என்றார். தமிழ்நாட்டில் பேக்கரிக்கு அதுதான் தூய தமிழ் என்று விளக்கினேன். ஈழத்தமிழர்கள் 'வெதுப்பகம்' என்பார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அம்மா அசையவில்லை. "தோட்டத்துக்கு மோட்டார்ல ரொட்டிக்காரர் வருவாரு. ஹார்ன் சத்தம் கேட்டா லயத்துப் பிள்ளைங்க எல்லாம் ஓடும். ரொட்டின்னு சொன்னாத்தான் வாய்ல எச்சி ஊறும், அடுமனைன்னா ஊறாது" என்றார். எனக்கு அந்த வாதத்திற்குப் பதில் கிடைக்கவில்லை. பினாங்கில் பெயர்பெற்ற பெங்காலி ரொட்டியின் பெயரே 'பங்காளி' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. ரொட்டிக்கூடத்தில் வேலை செய்தவர்களே பங்குதாரர்களாக இருந்தார்களாம். அது மெய்யோ பொய்யோ, ரொட்டி நம் நாக்கில் நூறாண்டாகப் பழகிய சொல். 'ரொட்டி கடை' என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அச்சிட்ட பதாகை போதும் என்றாள் அக்காள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குப் பின்னால் என் வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது. இந்த இதழில் எழுதுவதால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் கழகத்து நிகழ்ச்சி ஒன்றுக்குப் பதாகை அடிக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. 'தமிழோடு வாழ்வோம்' என்பது கருப்பொருள். ஓர் அச்சுக்கடைக்குக் கோப்பை அனுப்பினேன். மறுநாள் சுருட்டிக் கொடுத்ததை அப்படியே கொண்டுபோய் மண்டபத்தில் மாட்டினோம். 'ழோ'வின் இரட்டைக் கொம்பும் காலும் ழகரத்துக்குப் பின்னால் போய் நின்றன. 'வோ'வுக்கும் அதே கதி. பன்னிரண்டு அடி நீளத்தில் தமிழ் உடைந்து தொங்க, அதன் கீழே நின்று நாங்கள் தமிழ் வாழ்த்துப் பாடினோம். நிகழ்ச்சி முடிந்த பிறகு விரிவுரையாளர் ஒருவர் என்னை அழைத்து, "தம்பி, அந்தப் பதாகையைப் படித்துப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். அச்சுக்கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும். படிக்காமல் விட்டவன் நான்தான்.

ஆகவே, தமிழ் எழுத்து எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் புறப்பட்டேன்.

முதலில் கிடைத்தது ஒரு தேநீர்க் கடை. கடை வரிசையின் பின்பக்கம், கால்வாயை ஒட்டி, தகரக் கூரையின் கீழ் நான்கு மேசைகள். நண்பன் கேட்ட அந்தக் கரியடுப்பு அங்கே கனன்றுகொண்டிருந்தது! கம்பி வலையில் ரொட்டித் துண்டுகளை வைத்து, விசிறியால் இரண்டு வீசு வீசி, கருகிய ஓரத்தைக் கத்தியால் சுரண்டித் தருகிறார் கடைக்கார அண்ணன். ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் பஞ்சாகவும் இருந்தது. ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் மூன்று துண்டு போய்விட்டது. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் பீடோங் பக்கத்துத் தோட்டத்துக்காரர். "எங்க காலத்துல தோட்டத்துல கள்ளுக்கடைதான் பக்கம், தேத்தண்ணிக் கடைக்குப் பட்டணம் வரணும்" என்றார். கெடாத் தோட்டங்களில் கள்ளை எதிர்த்துத் தொண்டர் படை 1947இல் மறியல் செய்ததை நான் வகுப்பில் படித்திருக்கிறேன். பாடமாகப் படித்தபோது தோன்றாத ஒன்று அப்போது தோன்றியது. கூலி வாங்கிய மனிதன் உட்கார்ந்து பேச இன்னோர் இடம் இல்லாமல் இருந்திருக்கிறது.

அந்தக் கடையின் உள்சுவரில் பழைய பலகை ஒன்று. 'விலைப் பட்டியல்' என்பதில் 'லை' யானைத் துதிக்கையோடு இருந்தது. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது அந்தத் துதிக்கை நீங்கியது. பிறகு நம் பள்ளிகளும் புதிய வடிவத்துக்கு மாறின. ஆகவே, அதை எழுதியவர் பழைய கை என்று தெரிந்தது. எழுதியவர் யார் என்று கேட்டேன். "மேல்மாடிப் பொண்ணுக்குத் தெரியும், அதுதான் வந்து படம் புடிச்சிக்கிட்டுப் போச்சு" என்றார் அண்ணன்.

மேல்மாடியில் ஒரு டிசைன் ஸ்டூடியோ. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், சுவர் முழுக்கத் திருமண அழைப்பிதழ் மாதிரிகள். நடத்துபவர் செமிலிங்கைச் சேர்ந்த ஓர் இளம்பெண், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். என் பதாகைக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பாடமே எடுத்தார். யூனிகோடில் 'கெ' என்பதில் முதலில் ககரம் சேமிக்கப்படும், கொம்பு அதற்குப் பின்தான். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. அந்த விதி தெரியாத பழைய வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். அவர் என்ன செய்கிறார் என்றால், தமிழைச் சரியாகக் காட்டும் இடத்தில் தட்டச்சு செய்து, எழுத்துகளை வெறும் கோடுகளாக மாற்றி, அதன் பிறகே வடிவமைப்புக்குள் கொண்டுவருகிறார். கோடான பின் எந்தக் கணினியாலும் அதை உடைக்க முடியாது. "முரசு அஞ்சல் செய்த முத்து நெடுமாறன் நம்ம நாட்டுக்காரர். 1985லேயே தமிழைக் கணினியில ஏத்தினவரு. நாம என்னன்னா இப்பவும் ஒடைஞ்ச தமிழை மாட்டிக்கிட்டிருக்கோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அவர் ஊர் முழுவதும் உள்ள கையெழுத்துப் பலகைகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். முடிதிருத்தகம், பூக்கடை, மளிகைக் கடை. பாதிக்கு மேல் இப்போது இல்லை. வேலை கொடுத்தால் தாமே செய்து தருவதாகச் சொல்லவில்லை. "பலகைன்னா தாத்தாகிட்ட போங்க. இன்னும் கை நடுங்கல" என்று வழி சொன்னார்.

தாத்தாவின் வீட்டு முன்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சுங்கைப்பட்டாணி சுப்பிரமணியர் ஆலயத்துத் தைப்பூசத்துக்காக அவர் மகன் காவடிகள் கட்டிக்கொண்டிருந்தார். மயிலிறகுக் கட்டுகள், வெட்டிய நுரைப்பலகை, தங்க நிறச் சாயம். நடுவில் தாத்தா. மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சீனப் பலகைக்காரரிடம் தொழில் கற்றாராம். குருவுக்குத் தமிழ் தெரியாது. தூரிகை பிடிப்பதை அவரிடமும், எழுத்தைத் தமிழ்ப்பள்ளியிலும் கற்றதாகச் சொன்னார்.

மேலே 'கெடாய் ரோத்தி' என்று மலாய் பெரிதாக வர வேண்டும், கீழே தமிழ். நகராண்மைக் கழகத்து விதி அது. மலாய் வாசகத்தைச் சரிபார்க்க டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா இருக்கிறது. தமிழைச் சரிபார்க்க? எழுதுகிறவரும் எழுதச் சொல்கிறவரும்தான். என் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து வா என்றார். கேட்ட காசு அச்சுப் பதாகையைப்போல நான்கு மடங்கு. அக்காளிடம் பாதியைத்தான் சொன்னேன். மீதி என் கைக்காசு.

நான்காம் நாள் போனபோது வெள்ளைப் பூச்சுக் காய்ந்திருந்தது. சாக்குத் தூள் தடவிய நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போட்டிருந்தார். இடது கையில் ஒரு குச்சி, அதன் மேல் வலது மணிக்கட்டு. 'ரொ'வின் கொம்பை ஒரே இழுப்பில் இறக்கினார். கணினி பின்னால் தள்ளிய அதே கொம்பு, இங்கே முதலில் வந்து முன்னால் நின்றது. 'ரொட்டி' முடிந்தது. பிறகு ஓர் எழுத்து அகலத்துக்கு இடம் விட்டு, 'கடை' எழுதினார்.

இடைவெளி சற்று அதிகமாகத் தெரிகிறதே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, நீங்க படிச்ச பிள்ளை. ரொட்டிக் கடைன்னுதானே சொல்றோம்? நடுவுல ஒரு 'க்' வரணுமில்ல? தாள்ல இல்ல. மறந்திருப்பீங்கன்னு இடம் விட்டு வெச்சிருக்கேன். போடட்டுமா?" என்றார்.

காவடி கட்டிக்கொண்டிருந்த மகன் தலையைக் குனிந்து சிரித்தது எனக்குத் தெரிந்தது.

"போடுங்க தாத்தா" என்றேன். க எழுதி, மேலே புள்ளி வைத்தார். தை பிறந்ததும் பலகையை மாட்டினோம். அக்காள் இப்போது தேநீர்க் கடை அண்ணனுக்கும் தினம் பத்து ரொட்டி போடுகிறாள், கரியில் வாட்டுவதற்கு.