குவாட்டர் பாட்டிலில் எழுதியிருப்பது

தாம்பரம், பல்லாவரம் பக்கத்துச் சனங்க டாஸ்மாக் கடையை இன்னும் ‘ஒயின் ஷாப்பு’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கே ஒயின் வாங்குகிறவனை எங்கள் காலனியில் நான் பார்த்ததில்லை. பிராந்தி, ரம், இல்லாவிட்டால் பீர். 2003 கடைசியிலிருந்து சில்லறை விற்பனை அரசாங்கத்தின் கையில். 2023-24இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம்.

எங்க தாய்மாமன் குப்பை வண்டியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தார். சாக்கடை அடைப்பெடுக்கவும் கூப்பிடுவார்கள். “போடாம அந்த நாத்தத்துல எறங்க முடியாதுடா” என்பார். தினம் ஒரு குவாட்டர். பீர் குடிக்கிற பையன்களைப் பார்த்து, “எம்மாம் பெரிய பாட்டிலு! நான் கொஞ்சந்தான்” என்று பெருமை வேறு. மஞ்சக்காமாலையில் படுத்தபோது டாக்டரிடமும் அதே ‘கொஞ்சந்தான்’. அத்தை காலி பாட்டிலை என் கையில் கொடுத்தாள்: “நீ எம்மே படிச்சவன். இதுல இன்னா எழுதிக்கீதுன்னு சொல்லு.”

நான் படித்தது எம்.ஏ. தமிழ். பாட்டிலில் அளவெல்லாம் இங்கிலீஷ். 42.8% வி/வி, 75 டிகிரி புரூஃப், 25 யூ.பி. மூன்றும் ஒரே சேதிதான். நூறு மில்லியில் 42.8 மில்லி சுத்தச் சாராயம் என்பது முதலாவது. மற்ற இரண்டும் வெள்ளைக்காரன் வரி போட வைத்திருந்த பழைய கணக்கு. 57.1 சதவீதத்தை நூறு டிகிரி என்று வைத்தான். இது அதில் 25 குறைவு. அப்படியானால் 180 மில்லி குவாட்டரில் 77 மில்லி சாராயம். 5 சதவீத பீர் என்றால் 650 மில்லி பாட்டிலில் 32.5 மில்லிதான். மாமாவின் ‘கொஞ்சம்’ இரண்டு பீருக்கும் மேல்!

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் அத்தையே சொன்னாள்: “தெனமும் 77 மில்லி சுத்தச் சாராயம், டாக்டர்.” அன்றைக்குத்தான் அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

பாட்டிலில் தமிழே கிடையாதா என்றால், உண்டு. மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு என்று பல வருசம் தமிழில்தான் அச்சிட்டார்கள். புத்தி சொல்லத் தமிழ், அளவு சொல்ல இங்கிலீஷ். சேரிக்காரனுக்கு உபதேசம் போதும், கணக்கு எதுக்கு என்கிற பழைய நெனப்புதான் இது.

லேபிளைப் படித்தால் குடி நின்றுவிடுமா என்று தோழர்கள் கேட்கலாம். நிற்காது. 2013இல் சட்டம் வந்த பிறகும் பாதுகாப்பில்லாமல் மனுசனைச் சாக்கடையில் இறக்குகிறார்கள். அது மாறாமல் மாமாக்களின் குடியைப் பற்றி மட்டும் பேசுவது அநியாயம். ஆனாலும், உள்ளே போவது என்னவென்று தெரியாமலிருப்பது உயிரை எடுக்கும். 2023 மே மாதம் செங்கல்பட்டு, மரக்காணம் பகுதியில் 20க்கும் மேற்பட்டோர், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தில் செத்தார்கள். அதற்கு லேபிளே கிடையாது.

பாட்டிலுக்குப் பாட்டில் ‘இதில் இத்தனை மில்லி சாராயம்’ என்று தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லிக் கேட்போம். அதுவரை, எழுத்துத் தெரிந்தவர்கள் காலனியில் உட்கார்ந்து படித்துக் காட்டுவோம்.