கீழே சித்திரை மாதம்

மார்கழி விடியலில் அப்பச்சி தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஆவி எழும். மேலே பல் கிட்டிக்கும் குளிர். படியிறங்கித் தண்ணீரில் காலை விட்டால் வெதுவெதுப்பு. சித்திரையில் நேர்மாறு. மண் கொதிக்கும், கிணறு சில்லென்றிருக்கும். நிலத்தடி நீரின் வெப்பம் ஆண்டு முழுக்க அதிகம் மாறுவதில்லை, மாறுவது மேலே இருக்கும் காற்றுதான் என்று பிற்பாடு படித்தேன். அதற்குள் கீழே ஓர் உலகத்தையே கட்டி முடித்திருந்தேன். நமக்கு மார்கழி என்றால் அங்கே சித்திரை.

தோட்டம் காங்கயத்துக்குப் பக்கம். மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீரிறைத்த காலம் முடிந்து மோட்டார் வந்துவிட்டது. மாடுகள் இறங்கி ஏறிய வாரி மட்டும் சரிவாகக் கிடந்தது. பாறைக்கு வெடிவைத்து இறக்கிய சதுரக் கிணறு. மேலே செம்மண், அதன்கீழ் வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான்கல், பிறகு கையால் கிள்ளினாலே உதிரும் மக்கிய பாறை, அடியில் கருங்கல். வெயில் விழும் மட்டத்தில் பாறையிடுக்கில் அரசங்கன்று. அதற்குக் கீழே பெரணி. தண்ணீர் கசியும் இடத்தில் வெறும் பாசி. தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளுக்குக் கீழே உட்கார்ந்து, இந்த வரிசையை இன்னும் கீழே நீட்டிப் பார்ப்பதுதான் என் வேலை.

பாசிக்கும் கீழே இலையில்லாத காடு. நம் வேம்பின் வேரும் பனையின் வேரும் அங்கே வாழ்பவர்களுக்கு வானத்திலிருந்து இறங்கும் மரங்கள். மழை என்றால் பாறைக் கசிவு. ஆகவே நம் ஐப்பசி மழை அங்கே தை மாதம்தான் சொட்டும். வெளிச்சத்துக்குப் படியூர்க் கற்கள். படியூர் பக்கத்து ஊர்தான். 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் வெட்டி நீலப்பச்சைக் கற்கள் எடுத்திருக்கிறார். நொய்யல் கரையில் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய கற்களை மணியாக்கியிருக்கிறார்கள். நான் கேள்விப்பட்டதெல்லாம் “அங்கெ மண்ணுக்குள்ள கல்லு மின்னும்” என்பது மட்டும். போதுமே!

அம்புலிமாமாவில் படித்த பாதாளங்கள் எனக்குச் சலிப்புத் தட்டின. அரண்மனை, புதையல், காவலுக்குப் பாம்பு. ஒரு செடியைக் காணோம்.

அப்பச்சிக்கு என் உலகத்தில் ஒரே ஒரு ஐயம்.

“அதெல்லாஞ் செரி கண்ணு. வெயிலே இல்லாத ஊர்ல எதெ வெதைச்சு எதெத் திங்கறாங்க?”

“வேரெத் திங்கறாங்க அப்பச்சி.”

“அப்ப நம்ம வேம்பு இந்நேரம் பட்டுப்போயிருக்கோணுமே?”

விவசாயியிடம் கதை விடுவது எளிதல்ல.

பிறகு ஒரு வறட்சியில் சைடு போர்க்காரர்கள் வந்தார்கள். கிணற்றடியில் நின்று பக்கவாட்டில் பாறையைத் துளைத்தபோது, ஈரக் கல்மாவு வெளியே வந்தது. உள்ளே ஆறு ஓடுகிறதா என்று கேட்டேன். ஆறுமில்லை குளமுமில்லை, பாறை வெடிப்பில்தான் தண்ணீர் நிற்கும் என்றார் ஒருவர். அன்றிரவே என் பாதாளவாசிகளைத் தகடு தகடாக நசுக்கி வெடிப்புக்குள் செருகினேன்.

பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் பாறையே வேறு. கேரளத்தின் செம்புரைக்கல் துளையும் பொந்துமானது. அதனுள் தேங்கும் நீரில் உண்மையாகவே மீன்கள் வாழ்கின்றன. கோட்டயத்துக் கிணறு ஒன்றில் கிடைத்த, கண்ணில்லாத சிவந்த கெளுத்தியை 1950இல் மேனன் என்ற விலங்கியலாளர் விவரித்தார். 2018 வெள்ளம் மலப்புறத்து வயல் ஒன்றில் விலாங்கு போல நீண்ட விசித்திர மீனைத் தள்ளிவிட்டது. மறு ஆண்டு அதற்குப் பெயர் வைத்தவர்கள், டோல்கியன் கதையில் குகை இருட்டில் வாழும் ‘கோலம்’ என்ற பிறவியின் பெயரையே சூட்டினார்கள். எனக்குப் பொறாமைதான். என் பாதாளம் நூறு மைல் மேற்கே தள்ளி அமைந்துவிட்டது!

அப்பச்சி கேட்டதற்கும் அங்கே விடை உண்டு. மேலே உதிர்ந்த இலை மக்கி, மழையோடு துளைகளில் இறங்குகிறது. அதைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், அவற்றைத் தின்னச் சிறு பூச்சிகள், பூச்சிகளைத் தின்ன மீன்கள். வேம்பு பட்டுப்போக வேண்டியதில்லை, பழுத்த இலையை உதிர்த்தாலே போதும்.