ஆச்சி வீட்டுச் சுவிட்ச்

காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய வலப்பக்க அறையில் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, சுவிட்ச்சில் கை வைத்தால் வெதுவெதுவென்று இருக்கிறது என்று அந்த வீட்டு ஆச்சி சொல்லி அனுப்பியிருந்தார். எலக்ட்ரீஷியன் அண்ணன் புறப்பட்டபோது நானும் சேர்ந்துகொண்டேன். பழைய வயரிங் உள்ள வீடுகளில் வேலை செய்கிறவர்களோடு கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று அவரிடம் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருடமாக இதே தொழில் அவருக்கு. உதவிக்கு ஒரு தம்பி. மின் கம்பியாள் உதவியாளர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான்.

"ஒரு சுவிட்ச்சுதானேப்பா, அரை மணி நேரத்துல முடிஞ்சிருமா?" என்றார் ஆச்சி.

"பாத்துட்டுச் சொல்றேன் ஆச்சி."

எந்த வீட்டிலும் அவர் சொல்லும் முதல் பதில் இதுதான் என்று தம்பி பிறகு என்னிடம் சொன்னான்.

அண்ணன் சுவிட்ச் பக்கமே போகவில்லை. சுவரைப் பார்த்தார். கதவு நிலைக்கு மேலே ஒரு ஜாயின்ட் பாக்ஸ். அதிலிருந்து தேக்கு ரீப்பர் ஒன்று நேராக இறங்கி சுவிட்ச்சுக்கு வருகிறது. இன்னொன்று கூரைக்கு ஏறி விளக்குக்குப் போகிறது. ரீப்பர் மேல் இரண்டு வயர்கள், சாண் இடைவெளிகூட இல்லாமல் தகர கிளிப்புகளால் பிடிக்கப்பட்டு, நூல் பிடித்த மாதிரி ஓடுகின்றன. பேட்டன் வயரிங். இந்த வீட்டில் சுவர் முதலில் வந்தது, கரண்ட் பல வருடம் கழித்துத்தான் வந்தது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடியாக இழைத்த பூச்சை வெட்டிக் குழாய் பதிக்க எவருக்கும் மனம் வராது. அதனால்தான் சுவரின் மேலேயே மரத்தை அடித்து, மரத்தின் மேல் வயரை ஓட்டியிருக்கிறார்கள். "கிளிப் அடிச்ச கைய பாரு தம்பி. ஒண்ணுகூட விலகல" என்றார் அண்ணன். முன்னால் வேலை செய்தவனைப் பற்றி அவர் பேசும்போது குரலில் ஒரு மரியாதை இருந்தது.

பிறகு மெயின். முகப்புக்குப் பின்னால் ஒரு மரப்பலகையில் இரும்புப் பெட்டி, கீழே பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். கைப்பிடியை இறக்கினார். ஃபியூஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். யாராவது ஃபேன் நின்றுவிட்டது என்று வந்து மெயினை ஏற்றினாலும் கரண்ட் வரக் கூடாது. ஒரு கட்டையை என் கையில் கொடுத்தார். மயிரிழை போன்ற ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண வயரின் நாலைந்து இழைகளை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். எப்போதோ அடிக்கடி ஃபியூஸ் போய்க்கொண்டிருந்திருக்கும். யாரோ இப்படி 'சரி' செய்திருக்கிறார்கள். அதன்பின் ஃபியூஸ் போகவே இல்லை. அது உருகித் தடுத்திருக்க வேண்டிய சூட்டையெல்லாம் சுவரில் ஓடும் வயர் வாங்கிக்கொண்டது. ஓடும் கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும். விளக்குக்கும் ஃபேனுக்கும் என்று போட்ட வயரில் அயர்ன் பாக்ஸையும் மிக்சியையும் ஓட்டிய குடும்பங்கள் எத்தனை!

இன்னொன்றையும் காட்டினார். கரண்ட் கொண்டுவரும் ஃபேஸில் மட்டுமல்ல, அது திரும்பிப் போகும் நியூட்ரலிலும் ஃபியூஸ் இருந்தது. அந்தக் காலத்து வழக்கம். "நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போச்சுன்னு வைங்க, வீடே இருட்டாயிரும். கரண்ட் இல்லைன்னு நெனச்சு வயர்ல கை வைப்போம். ஆனா எல்லா வயர்லயும் ஃபேஸ் நிக்கும். எங்க ஆளுங்க அப்படித்தான் அடிபட்டிருக்காங்க."

மெயின் இறங்கிய பிறகும் அவர் நம்பவில்லை. டெஸ்டரில் எரியும் சிறு நியான் விளக்கு எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று அர்த்தமல்ல. டெஸ்டர் கெட்டிருக்கலாம், வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஹோல்டரில் பல்பு மாட்டி இரண்டு வயர் நீட்டிய டெஸ்ட் லேம்ப் ஒன்றும் அவர் பையில் உண்டு. இரண்டையும் முதலில் மெயினுக்குக் கரண்ட் வரும் முனையில் வைத்துப் பார்த்தார், எரிந்தன. சுவிட்ச் அருகில் வைத்தார்; எரியவில்லை. திரும்பவும் மெயினுக்குப் போய் வைத்தார், எரிந்தன. மூன்றாவது தடவை எதற்கு என்று கேட்டேன். "நடுவுல டெஸ்டர் செத்திருந்தா?" என்றார்.

அதன் பிறகுதான் சுவிட்ச். வட்டத் தேக்குக் கட்டையில் உட்கார்ந்திருந்த பித்தளை மூடி போட்ட பழைய குமிழ் சுவிட்ச். மூடியைத் திருகிக் கழற்றியதும் உள்ளே வெள்ளைப் பீங்கான். குமிழை எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும் பாதி வழியில் ஸ்பிரிங் பிடித்து இழுத்து 'டப்'பென்று தொடுப்பைப் பிரித்துவிடும். பிரிகிற நொடியில் பொறி நீளாமல் இருக்கத்தான் அந்த வேகம். இங்கே ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. தொடுப்பு முழுசாகவும் சேரவில்லை, சட்டென்றும் பிரியவில்லை. செம்பு கறுத்து அம்மைத் தழும்பு போலக் குழிகள். கறுத்த இடத்தில் கரண்ட் கடக்கச் சிரமப்படும், சிரமப்பட்டால் சூடாகும், சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும். ஆச்சியின் விரலுக்குத் தெரிந்த வெதுவெதுப்பு இதுதான்.

புது சுவிட்ச் தம்பியின் கையில் தயாராக இருந்தது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அண்ணன் திருகாணியைக் கால் சுற்று தளர்த்தினார். அவ்வளவுதான். வயரின் மேலிருந்த ரப்பர், காய்ந்த புளியம்பழ ஓடு உதிர்கிற மாதிரி, சின்னச் சின்னத் துண்டாகக் கட்டையின் மேல் உதிர்ந்தது. விரலளவு நீளத்துக்கு வெறும் கம்பி. அதைத் தொட்டு நிமிர்த்தியிருந்தால் இன்னும் மேலே வரைக்கும் உதிர்ந்திருக்கும். கையை எடுத்துவிட்டார்.

கம்பி வெள்ளி நிறத்தில் இருந்தது. "அலுமினியமா?" என்றேன். பேனாக்கத்தியால் ஒரு நூல் அளவு சுரண்டினார். வெள்ளைக்கு அடியில் செக்கச்செவேலென்று செம்பு. ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். கந்தகம் செம்பை அரிக்கும். அதனால் அந்தக் காலத்துச் செம்புக் கம்பிக்கு வெள்ளீயம் பூசினார்கள். இதைத் தெரியாத பையன்கள் அலுமினியம் என்று நினைத்து மொத்த வயரிங்கையும் மட்டமானது என்று சொல்லிவிடுகிறார்கள் என்று அண்ணனுக்கு வருத்தம். "ஒன் பை எய்ட்டீன். ஒத்தக் கம்பி, பதினெட்டு கேஜ். கம்பிக்கு இன்னிக்கும் ஒண்ணும் ஆகல. சட்டைதான் போச்சு." பதினெட்டு கேஜ் என்றால் 1.2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தடிப்பு. செம்புக்கு வயதாகவில்லை, ரப்பருக்கு ஆகிவிட்டது. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. குளிர்ந்த சுவரில் அசையாமல் கிடக்கும் நடுப்பகுதி இன்னும் தாங்குகிறது. சூடு ஏறும் சுவிட்ச் முனையும் பல்பு முனையும்தான் முதலில் உதிர்கின்றன.

எதுவரை தொடுவது, எங்கே நிறுத்துவது? இந்த வேலையின் முழு வித்தையும் இந்தக் கேள்வியில்தான் இருப்பதாக எனக்குப் பட்டது. உதிர்ந்த முனையில் டேப் சுற்றிப் புது சுவிட்ச்சை மாட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகலாம். விளக்கு எரியும், ஆச்சிக்கும் சந்தோஷம். வீடு முழுக்க வயர் மாற்றாமல் தொட மாட்டேன் என்று பயமுறுத்தவும் செய்யலாம். அண்ணன் ஏணி போட்டு ஜாயின்ட் பாக்ஸைத் திறந்தார். அங்கே வயர்கள் வளைத்தாலும் வெடிக்காமல் இருந்தன. "இங்கேருந்து சுவிட்ச் வரைக்கும், இங்கேருந்து விளக்கு வரைக்கும் புதுசு இழுத்துருவோம். மத்தது இருக்கட்டும்."

அங்கே இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. சுவிட்ச்சுக்குப் போன வயர் ஃபேஸ் அல்ல, நியூட்ரல். சுவிட்ச்சை அணைத்தால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் ஃபேஸ் அப்படியே நிற்கும். ஆச்சி சட்டென்று சொன்னார்: "அதான் போன வருஷம் பல்பு மாத்தறப்ப சுரீர்னுச்சு! சுவிட்ச்ச அணைச்சுட்டுத்தானேப்பா தொட்டேன்." அண்ணன் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பித்தளை ஹோல்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய வயரைக் கிளிப்பிலிருந்து ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுக்கத் தம்பிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கிளிப் ஒடியக் கூடாது, பூச்சு பெயரக் கூடாது. ஒன்றரை ஸ்கொயர் வயர் சிவப்பும் கறுப்பும், கூடவே எர்த்துக்குப் பச்சை. விளக்கு லைனுக்கு எர்த்தே கிடையாது இந்த வீட்டில். பின்கட்டில் மோட்டாருக்காகப் பின்னால் போட்ட எர்த் குழி ஒன்று இருந்தது. அதைச் சோதித்துப் பார்த்த பிறகு அங்கிருந்து பச்சை வயர் வந்தது. கரியும் உப்பும் போட்ட அந்தக் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஆச்சியிடம் இரண்டு முறை நினைவூட்டினார்.

ஆச்சிக்குப் பித்தளை சுவிட்ச்சின் மேல் ஆசை. மாமனார் காலத்தது, உள்ளே மட்டும் மாற்றி மூடியைத் திரும்பப் போட முடியாதா என்று கேட்டார். அந்த ஆசை எனக்குப் புரிந்தது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளைச் சுற்றிய யாருக்கும் புரியும். அண்ணன் மறுத்துவிட்டார். உள்ளே ஒரு வயர் விலகி மூடியில் பட்டால், தொடுகிற விரலுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் எதுவுமே இல்லை. எர்த் வயரைப் பிடித்துக் கட்டவும் அந்த மூடியில் இடம் கிடையாது. "ஷோகேஸ்ல வைங்க ஆச்சி. சுவத்துல வேணாம்." துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

வேலை முடிய மூன்றரை மணி நேரம். 'ஒரு சுவிட்ச் மாற்ற இவ்வளவா?' என்று கூலி பேசும்போது கேட்காத வீடே இல்லையாம். இந்த வீட்டில் கேட்கவில்லை. ஆச்சி முழு நேரமும் அங்கேயே முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். எல்லா வீட்டுக்காரர்களும் ஒரு தடவை இப்படி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஃபியூஸ் கட்டைகளுக்குச் சரியான கம்பி கட்டி மெயினை ஏற்றினார். விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வைத்தார், நியான் எரியவில்லை. அடுத்த தடவை நியூட்ரல் ஃபியூஸை எடுத்து அந்த இடத்தை நேராக இணைத்துவிட்டு, ஆர்சிசிபி ஒன்றும் போட்டுவிட வேண்டும் என்று ஆச்சியிடம் சொன்னார்; 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது லைனைத் துண்டித்துவிடும். ஆச்சி தலையாட்டினார்.

தம்பி உதிர்ந்த ரப்பரைப் பேப்பரில் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். அண்ணன் மெயின் பலகையின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் தேதி போட்டு எழுதினார்: 'வளவு வலது ரூம். ஜாயின்ட் பாக்ஸிலிருந்து சுவிட்ச், லைட் வரை புது வயர். ஃபேஸ் மாற்றியது. மற்ற ரூம் எல்லாம் ரப்பர் வயர், வளைக்காதே.'

"இது யாருக்கு அண்ணே?"

"எனக்கு அடுத்து வர்றவனுக்கு" என்று சொல்லிவிட்டு, எழுத்து காயும் வரை அங்கேயே நின்றார்.