பிடியும் பிணைப்பும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் முன்னோர் கூறிச் சென்றனர். தேரின் பெருமை அதன் சிகரத்திலும் சிற்பத்திலும் இருப்பதாக நம் கண் காணும். அதனைக் காத்து நிற்பதோ சக்கரத்தின் ஓரத்தே மறைந்திருக்கும் ஒரு சிறு ஆணி. இக்காலத்து மோட்டார்க் காருக்கும் இப்பழமொழி பொருந்தும் என்பதைச் சில மாதங்களுக்கு முன்னர் நம் வீட்டு முற்றத்தில் நேரிலே கண்டோம். அங்கே அச்சாணியாக நின்றது, ஒரு ரூபாய்க் குற்றியளவே உள்ள பிளாஸ்ரிக் வளையம் ஒன்று.

ஒட்டோக் கார் என்று நம்மவர் வழங்கும் தன்னியக்கக் கியர்க் காரில் கிளச்சு மிதி இல்லை. ஓட்டுபவர் செய்ய வேண்டுவது, பிடியை அதற்குரிய நிலைகளுள் ஒன்றில் வைப்பதே. பீ என்பது நிறுத்திப் பூட்டும் நிலை, ஆர் பின்னோக்கிய ஓட்டம், என் நடுநிலை, டி முன்னோக்கிய ஓட்டம். பிடியை அசைத்ததும் கியர் மாறிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையிற் பிடி கியர் அன்று; அது கட்டளையிடும் கோல் மாத்திரமே. கோலின் அடியிலிருந்து உறைக்குள் ஓடும் உருக்குக் கேபிள் ஒன்று, இயந்திரத்தோடு ஒட்டி நிற்கும் கியர்ப்பெட்டிவரை செல்கின்றது. கேபிளின் நுனியிலுள்ள கண், கியர்ப்பெட்டியின் புறத்தே நீண்டிருக்கும் சிறு நெம்பின் குமிழில் மாட்டப்பட்டிருக்கும். கண்ணுக்கும் குமிழுக்கும் இடையே இருப்பதுதான் மேற்கூறிய வளையம். அது சிதைந்தாற் கேபிள் குமிழை விட்டுக் கழன்றுவிடும். அதன்பின் பிடி எங்கே நின்றாலும், கியர்ப்பெட்டி தான் கடைசியாகக் கேட்ட கட்டளையிலேயே நிற்கும்.

இத்தகைய கியர்ப்பெட்டியைப் பெருவாரியாக உற்பத்தி செய்து முதலில் விற்றோர் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தார். ஹைட்ராமற்றிக் என்ற பெயருடன் 1939இல் அறிமுகமான அது, 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் இடம்பெற்றது. அக்காலத்தில் நிலைகளின் வரிசை எல்லாக் கார்களிலும் ஒன்றாக இருக்கவில்லை. சிலவற்றில் முன்னோக்கிய தாழ்ந்த கியருக்கு அடுத்தபடியே பின்னோக்கிய கியர் இருந்தது. கை சிறிது மிஞ்சினாற் கார் எதிர்த்திசையிற் பாயக்கூடும். 1968இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பாதுகாப்பு விதி, முன்னோட்டத்துக்கும் பின்னோட்டத்துக்கும் இடையே நடுநிலை அமைதல் வேண்டும் என வகுத்தது. பிடியருகே உள்ள எழுத்துகளின் ஒழுங்குக்குள் இத்துணை எச்சரிக்கை அடங்கியிருக்கின்றது. ஆயினும் கேபிள் கழன்றபின் அவை வெறும் எழுத்துகளே.

நாம் இதனை அறிந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலையில். கல்லூரியிலிருந்து திரும்பிக் காரைப் படலைக்குள்ளே கொண்டுவந்து, பிறேக்கை மிதித்தபடி பிடியைப் பீ நிலைக்குத் தள்ளினோம். வழக்கமான தடக்கு ஒன்றுமின்றிப் பிடி பஞ்சுபோல இலேசாகச் சென்றது. காலைச் சிறிது தளர்த்தினோம். கார் முன்னே ஊர்ந்தது. பத்தடி தொலைவில், மாமரத்தின் கீழ், நம் மகளும் அயல்வீட்டுச் சிறுமியர் இருவரும் கொக்கான் வெட்டி விளையாடிக்கொண்டிருந்தனர். உடனே மீண்டும் மிதித்தோம். பிடி பீயில் நிற்கின்றது. முன்தட்டு விளக்கோ டி என்று காட்டுகின்றது. கைப்பிறேக்கை இழுத்து இயந்திரத்தை நிறுத்தினோம். சாவியும் தடையின்றிக் கையோடு வந்தது. சாவிப் பூட்டுக்குப் பிடியைத் தெரியுமேயன்றிக் கியர்ப்பெட்டியைத் தெரியாது. முன்தட்டு விளக்கு மாத்திரம் கியர்ப்பெட்டியிலுள்ள சுவிச்சிலிருந்து செய்தி பெறுவதால் உண்மையைச் சொல்லிற்று. பிள்ளைகள் தலைநிமிர்ந்தும் பார்க்கவில்லை. நம் கைகள் நடுங்குவது நிற்கச் சிறிது நேரம் சென்றது.

அடுத்த வளவில் வசிக்கும் அண்ணை ஒருவரை அழைத்தோம். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த 1990களில், ஒஸ்ரின் கார்களையும் மொறிஸ் மைனர் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓடச் செய்த கைகளுள் அவருடைய கைகளும் அடங்கும். சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அவ்வித்தையைப் பள்ளிச் சிறுவராய் நாம் வியந்து பார்த்ததுண்டு. வந்தவர் பிடியை இரண்டுமுறை ஆட்டிப் பார்த்தார்.

“மாஸ்ரர், பிடி பீயிலை நிக்குதுதான். கியர் எங்கை நிக்குதெண்டு பிடிக்குத் தெரியுமே?” என்றார்.

கட்டுக்கம்பியால் வரிந்துவிட்டால் ஓடாதா அண்ணை, என்று வினவினோம்.

“ஓடும், மாஸ்ரர். நிக்குமோ எண்டதுதான் கேள்வி.”

இதற்கு மேல் நாம் ஒன்றும் பேசவில்லை.

இக்குறை நமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. வெப்பமும் ஈரமும் இவ்வகை வளையங்களைக் காலப்போக்கில் நொறுங்கச் செய்யும். இதே போன்ற வளையம் சிதைந்து கழலக்கூடும் என்பதனால், ஃபோர்ட் நிறுவனம் 2022இல் அமெரிக்காவிற் சுமார் 29 இலட்சம் வாகனங்களை மீள அழைத்தது. நம் நாட்டிலோ, 2020 மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில், யப்பானில் ஒருமுறை ஓடி முதிர்ந்து இங்கு வந்த கார்கள் மேலும் முதிர்ந்தன. வெளியே வர்ணம் பளபளக்கும். உள்ளே இறப்பரும் பிளாஸ்ரிக்கும் மூப்படைந்திருக்கும்.

மறுநாட் காலை, இயந்திரம் ஆறிய நிலையில், புதிய வளையத்துடன் வேலை தொடங்கிற்று. சமதரையில் நின்ற காரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லும் கட்டையும் வைத்தோம். சாவி நம் சட்டைப்பையிற் சென்றது; பிள்ளைகள் வீட்டுக்குள்ளே சென்றனர். நம்முடையது முன்சக்கரங்களால் இழுக்கப்படும் சிறு கார். காற்று வடிகட்டிப் பெட்டியை எடுத்தவுடன் நெம்பு மேலிருந்தே கைக்கு எட்டிற்று. அடியிற் புகுந்தே எட்டவேண்டிய கார்களும் உள. அவற்றில் ஜக்கை மாத்திரம் நம்பிக் கீழே படுத்தல் உயிரோடு விளையாடுதலாகும். உறுதியான தாங்கிகள் இல்லாதவர் அவ்வேலையைக் கராஜுக்கே விட்டுவிடல் வேண்டும்.

பழைய வளையம் தொட்டதும் துகள்களாய் உதிர்ந்தது. புதியதை மாட்டுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அண்ணை அதற்கு அவசரப்படவில்லை. பிடியின் நிலையும் கியர்ப்பெட்டியின் நிலையும் ஒன்றாக இருந்தாலன்றிப் பிணைத்துப் பயனில்லை என்றார். முதலில் நெம்பை ஒரு கோடிவரை தள்ளினார். கைப்பிறேக்கைத் தளர்த்திக் காரைத் தள்ளும்படி நம்மிடம் கூறினார். கார் ஒரு விரற்கடை அசைந்து இறுகி நின்றது. அதுவே பீ. கியர்ப்பெட்டிக்குள் ஒரு சிறு கொளுக்கி பற்சக்கரத்தின் இடுக்கில் விழுந்து காரைப் பூட்டும் நிலை அது. அங்கிருந்து நெம்பை மெல்ல இழுத்து, ஒரு தடக்கு ஆர், இரண்டாந் தடக்கு என், என எண்ணி நிறுத்தினார். கைப்பிறேக்கை மீண்டும் இழுத்தோம். உள்ளே, பிறேக்கை மிதியாமற் பிடியை விடுவிக்கும் சிறு பொத்தானை அழுத்தி, பிடியையும் என் நிலைக்குக் கொண்டுவந்தோம். கிறீஸ் பூசிய வளையத்தைக் குமிழின்மேல் வைத்து அழுத்தியதும், டக் என்ற ஒலியுடன் அமர்ந்தது. இழுத்துப் பிடித்து மாட்ட வேண்டியிருந்தால், கேபிளிலுள்ள நட்டைத் தளர்த்தி நீளத்தைச் சரிசெய்தல் வேண்டும். ஒரு நூல் பிழைத்தாலும், பிடி பீயைத் தொடும்போது கொளுக்கி அரைகுறையாகவே விழும். கழன்ற கேபிளைவிட அது பொல்லாதது. ஏனெனில் எல்லாம் சரியென்று தோன்றும்.

பின்னர் சோதனை. கட்டைகளை அகற்றாமல், காலைப் பிறேக்கில் வைத்தபடி, ஒவ்வொரு நிலையாகப் பிடியை நகர்த்தினோம். முன்தட்டு விளக்கு ஒவ்வொன்றுக்கும் இசைந்தது. ஆரிற் பின்விளக்கு வெண்மையாய் எரிந்தது. பீயிலும் என்னிலும் மாத்திரமே இயந்திரம் தொடங்கிற்று. ஏனைய நிலைகளில் மறுத்தது. இறுதியாகப் பீயில் வைத்துக் கைப்பிறேக்கைத் தளர்த்தி, இருவரும் சேர்ந்து தள்ளினோம். கார் அசைந்து இறுகி நின்றது. அதன் பின்னரே அண்ணை தேநீருக்கு உடன்பட்டார்.

படிப்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஓர் ஒப்புமை தென்பட்டது. வகுப்பில் “விளங்கிற்றா?” என்று கேட்டால் நாற்பது தலைகள் அசையும். அவ்வசைவு பிடியின்மேலுள்ள எழுத்து. விளங்கிற்றா என்பதை அறிய ஒரு வினாவைக் கொடுத்துத் தள்ளிப் பார்க்கவே வேண்டும். மாணவர்களும் தம்மைத் தாமே இவ்வாறு தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம். புத்தகம் திறந்திருப்பதும் பாடம் மனத்திற் பதிந்திருப்பதும் ஒன்றல்ல. வீட்டிலும் அவ்வாறே. சொல்லியாயிற்று என்பது வேறு, கேட்டாயிற்று என்பது வேறு. இடையிலுள்ள பிணைப்பைச் சிலவேளை பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

ஒட்டோக் கார் வைத்திருக்கும் குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை. பிடி முன்னையினும் தளர்வாக ஆடினாலோ, எழுத்தும் முன்தட்டு விளக்கும் மாறுபட்டாலோ, அதனை நாளைக்கென ஒத்திவைத்தல் தகாது. காரை நிறுத்தும்போது காலைப் பிறேக்கில் வைத்தபடியே முதலிற் கைப்பிறேக்கை இழுத்து, அதன் பின்னரே பிடியைப் பீயில் இடுங்கள். அவ்வாறு செய்தாற் காரின் பாரம் அச்சிறு கொளுக்கியின்மேல் விழாது. கேபிள் ஒருநாள் கைவிட்டாலும் கைப்பிறேக்குக் கைவிடாது. கார் ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு, வேகமாய்ச் செல்வதற்கு முன் இதனைப் பழக்குங்கள். ஓடச் செய்யும் வித்தையை அவர்கள் தாமே விரும்பிக் கற்பர். நிற்கச் செய்யும் வித்தையைப் பெரியோரே கற்பித்தல் வேண்டும்.