வஸ்வாஸ் பேணுதலும் இல்லை, ஈமான் குறைவும் இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் யாராவது வுழூ செய்யப் போய் முக்கால் மணித்தியாலம் பைப்படியில் நிற்கிறார்களா? தக்பீர் கட்டிக் கட்டி அவிழ்க்கிறார்களா? அப்படியானால் கடைசி வரை வாசியுங்கள்.

இப்படியானவர்களைப் பற்றி ஊரில் இரண்டு கதைதான். ஒன்று, "சரியான பேணுதலான ஆள்". மற்றது, "ஈமான் குறைவு, ஷைத்தான் விளையாடுறான்". இரண்டு கதையும் அந்த மனிதரை வைத்தியரிடம் போகவிடாமல் தடுக்கிறது.

சந்தேகம் எல்லாருக்கும் வரும். கதவைப் பூட்டினேனா, அடுப்பை நிறுத்தினேனா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுவோம். இந்த நோய் உள்ளவரால் அது முடியாது. நஜீஸ் பட்டிருக்குமோ என்ற எண்ணம் வந்ததும் நெஞ்சு பதறும். கழுவினால் பதற்றம் இறங்கும். கொஞ்ச நேரத்தில் சந்தேகம் திரும்பவும் வரும். கழுவக் கழுவ நோய்தான் வளரும். இதைத்தான் வைத்தியர்கள் ஓ.சீ.டீ. என்கிறார்கள்.

வுழூவோடு மட்டும் இது நிற்பதில்லை. எழுதியதையே அழித்து அழித்து எழுதி, கொப்பித் தாளில் ஓட்டை விழுந்த ஒரு பிள்ளையைக் கண்டிருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளை. பரீட்சையில் மூன்றாம் கேள்வியைத் தாண்டவில்லை. "சோம்பேறி" என்று ஏச்சும் வாங்கியது. உண்மையில் அந்த வகுப்பிலேயே அதிகம் பாடுபட்டது அந்தப் பிள்ளைதான்.

இது புதுக்கதையும் இல்லை. 934இல் மரணித்த அபூ ஸைத் அல்-பல்கீ உடலுக்கு ஒரு பாகம், உள்ளத்துக்கு ஒரு பாகம் என்று நூல் எழுதினார். அதில் கோபம், பயம், கவலையோடு வஸ்வாஸுக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது.

உறுதியைச் சந்தேகம் நீக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. நோயாளிக்கும் இது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு நாளும் மௌலவியிடம் அதே மஸ்அலாவைத் திரும்பத் திரும்பக் கேட்பார். "ஓம், உங்கட வுழூ கூடியிட்டு" என்று வீட்டார் நூறு தடவை சொல்வதும் கழுவுவதைப் போலத்தான். அந்த நேரத்துக்கு ஆறுதல், பிறகு நோய்க்குத் தீனி.

சிகிச்சை இருக்கிறது. வைத்தியரோ உளவள ஆலோசகரோ படிப்படியாகப் பழக்குவார்: ஒரு தடவை வுழூ, பிறகு நேரே முஸல்லாவுக்கு. பதறும். பதறட்டும். திரும்பக் கழுவாமல் இருந்தால் அந்தப் பதற்றம் தானாகவே இறங்கும் என்பதை உடம்பு பழகிக்கொள்ளும். தேவையானால் ஃபுளுவொக்சற்றீன், சேர்ட்ரலீன் போன்ற மருந்துகள் தருவார்கள். இவை தூக்க மாத்திரைகள் அல்ல, போதைக்கு அடிமையாக்குவதும் இல்லை. பலன் தெரிய பல வாரங்கள் எடுக்கும். பத்து நாளில் "சரிவரல்ல" என்று நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

ஓதிப் பாருங்கள், துஆ கேளுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சீனி வருத்தத்துக்கு துஆவும் கேட்கிறோம், மெட்ஃபோமினும் குடிக்கிறோம்தானே? இதுவும் அப்படித்தான்.

அரச ஆஸ்பத்திரி உளநலக் கிளினிக்குகளில் காசு எடுப்பதில்லை. போக வெட்கமாக இருந்தால் முதலில் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் பேசலாம்.

பைப்படியில் நிற்பவரைக் கேலி பண்ணாதீர்கள். கிளினிக்குக்குக் கூட ஒருவர் போனால் அதுவே அவருக்குப் பாதிப் பலம். அல்லாஹ் எல்லா நோயாளிகளுக்கும் ஷிஃபாவைத் தருவானாக.